துணைக்கு இருப்பவருக்கு இடம் எங்கே? கல்பாக்கத்திலிருந்து எழும் ஒரு கட்டடக் கேள்வி

அரசு மருத்துவமனையில் ஒருவரைச் சேர்க்கும்போது, நோய் என்னவென்று முடிவாகும் முன்பே கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு: "துணைக்கு யார் இருக்கீங்க?" இதற்கு விடை இல்லாதவர் பாடு திண்டாட்டம்தான். டிராலியைத் தள்ளவும், இரத்த மாதிரியை ஆய்வகத்துக்குக் கொண்டுபோய் மாலையில் முடிவை வாங்கி வரவும், குளுக்கோஸ் பாட்டில் தீரும் நேரம் பார்த்துச் செவிலியரை அழைக்கவும், பெட்பேன் வைக்கவும் எடுக்கவும் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் வருவார் என்று மருத்துவமனை எதிர்பார்க்கிறது. ஆனால் மருத்துவமனையின் கட்டடத்தை வரைந்தவர் அவரை எதிர்பார்க்கவில்லை. நோயாளிக்குக் கட்டில் இருக்கிறது, செவிலியருக்கு மேசை இருக்கிறது, மருத்துவருக்கு அறை இருக்கிறது. துணைக்கு வந்தவருக்குக் கிடைப்பது இரண்டு கட்டில்களுக்கு நடுவே ஒரு பாய் விரிக்கும் அளவுத் தரை. காலையில் மருத்துவர் சுற்று வருவதற்குள் அந்தப் பாயையும் சுருட்டிவிட வேண்டும்.

மேலைநாடுகளின் மருத்துவமனைக் கட்டடக் கலையில் இதற்கு ஒரு விடை கண்டிருக்கிறார்கள். நோயாளியின் அறையை மூன்று பகுதிகளாகப் பிரித்து வரைகிறார்கள்: வாயிலுக்கு அருகே மருத்துவப் பணியாளருக்கான பகுதி, நடுவே நோயாளியின் கட்டில், சன்னல் ஓரமாகக் குடும்பத்துக்கான பகுதி. அங்கே படுக்கையாக விரியும் ஒரு சாய்விருக்கை, பொருள் வைக்க ஓர் அலமாரி, மருத்துவர் வரும்போது எழுந்து ஒதுங்காமல் அமர்ந்து பேச ஒரு நாற்காலி. இந்த ஏற்பாடு நமக்குப் புதிதன்று. சென்னையின் பெரிய தனியார் மருத்துவமனைகளில் 'அட்டெண்டர் காட்' என்ற பெயரில் அது கிடைக்கிறது, அறை வாடகைக்குள் அடங்கிய பண்டமாக. காசு கொடுப்பவரின் குடும்பம் சிகிச்சையில் பங்கேற்கிறது என்கிறோம். காசில்லாதவரின் குடும்பத்தை 'கூட்டம்' என்று சொல்லிக் காவலர் விரட்டுகிறார். இரண்டு குடும்பமும் செய்வது ஒரே வேலை. சொல்லப்போனால், இரண்டாவது குடும்பம் செய்வதே கூடுதல்.

கல்பாக்கத்தில் நின்று பார்த்தால் இந்தப் பிளவு நிலத்திலேயே வரைந்திருக்கிறது. சென்னை அணுமின் நிலையத்தின் முதல் அலகு 1983இல் இயங்கத் தொடங்கியது. அதற்கு முன்பே, 1971இல், இன்று இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் எனப்படும் நிறுவனம் இங்கு வந்துவிட்டது. ஊழியர்களுக்காக எழுந்த நகரியத்தில் அணுசக்தித் துறையின் மருத்துவமனை இருக்கிறது. அது முதன்மையாக அத்துறையின் ஊழியர், ஓய்வூதியர், அவர்தம் குடும்பத்தார் ஆகியோருக்காக, அவர்களின் பங்களிப்புச் சுகாதாரத் திட்டத்தின் கீழ் இயங்குவது. அதில் தவறு காண்பதற்கில்லை; ஒரு நிறுவனம் தன் ஊழியரின் குடும்பத்தையும் நோயாளியோடு சேர்த்து எண்ணிப் பார்ப்பது நல்லதே. நம் கேள்வி அந்த மதிலுக்கு வெளியே தொடங்குகிறது. புதுப்பட்டினத்திலும் சதுரங்கப்பட்டினத்திலும் வாயலூரிலும் குடியிருக்கும் தினக்கூலிகள், மீனவர்கள், வயல் கூலிகள், செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் உழலும் இருளர் குடும்பங்கள் ஆகியோருக்கு, ஆரம்ப சுகாதார நிலையத்தில் முடியாதென்றால் அடுத்த இடம் திருக்கழுக்குன்றம் அரசு மருத்துவமனை. அங்கும் முடியாதென்றால் சுமார் 30 கிலோமீட்டர் தொலைவில் உள்ள செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை.

நோயாளியை 108 ஆம்புலன்ஸ் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். துணைக்கு இருப்பவரைத் திரும்பக் கொண்டுவர எந்த வண்டியும் இல்லை. கடைசிப் பேருந்தைத் தவறவிட்டால் அவர் இரவு எங்கே தங்குவது என்பதற்கு, நகரியத்தின் மதிலுக்கு இந்தப் பக்கம் வாழ்பவருக்கு விடை இல்லை. சென்னை மாநகராட்சி சில அரசு மருத்துவமனை வளாகங்களிலேயே உடனிருப்போருக்கான இரவுத் தங்குமிடங்களை நடத்துகிறது. மாநகரத்தில் செய்ய முடிந்ததை மாவட்டத் தலைநகரிலும் வட்டத் தலைநகரிலும் செய்ய என்ன தடை என்று கேட்க வேண்டியிருக்கிறது.

துணைக்கு இருப்பவர் பெரும்பாலும் பெண். கணவனுக்கு மனைவி, மாமியாருக்கு மருமகள், குழந்தைக்குத் தாய், தாய்க்கு மூத்த மகள். ஆண்கள் வார்டில் கணவனுக்குத் துணையிருக்கும் பெண், முன்பின் அறியாத 30 ஆண்களுக்கு நடுவே இரவைக் கழிக்க வேண்டும், அல்லது வெளியே தாழ்வாரத்தில் படுக்க வேண்டும். பெண்கள் வார்டிலோ ஆண் உறவினருக்கு இரவில் அனுமதி இல்லை. தாயைத் தவிர வேறு துணையற்ற குடும்பத்தின் மகன் மரத்தடியில் கிடப்பான். உடனிருப்போருக்கெனத் தனிக் கழிப்பறையும் குளியலிடமும் இல்லாத இடத்தில், ஐந்து நாள் தங்கும் பெண்ணுக்கு மாதவிடாய் வந்தால் என்ன செய்வாள் என்று வரைபடத்தில் கையெழுத்திட்ட பொறியாளர் யோசித்திருக்க மாட்டார். ஐந்து நாள் கூலி போனது தனிக்கணக்கு.

நம் மருத்துவமனைகளுக்குக் குடும்பத்தை மனத்தில் வைத்துக் கட்டத் தெரியாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சென்னையில் 1885இல் தொடங்கப்பட்டு, இன்று கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என வழங்குவதன் பழைய பெயரே, சாதிப் பெண்களுக்கும் கோஷாப் பெண்களுக்குமான விக்டோரியா மருத்துவமனை என்பது. திருவல்லிக்கேணியில் இன்றும் அது 'கோஷா ஆஸ்பத்திரி'தான். அந்தப் பெயரில் உள்ள 'சாதி' என்ற சொல் சாதி இந்துப் பெண்களைக் குறித்தது. சேரிப் பெண்ணை அல்ல. அந்நியர் கண்ணில் படக்கூடாது, பிற சாதியாரின் புழக்கம் கூடாது என்று எண்ணிய குடும்பங்கள் பொது மருத்துவமனைக்கு வரமாட்டா என்று அரசு உணர்ந்தபோது, அக்குடும்பங்களின் வழக்கத்துக்கு ஏற்ற ஒரு மருத்துவமனையே எழுந்தது. அதனால் பல பெண்களின் உயிர் பிழைத்திருக்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் ஒன்று தெளிவு. குடும்பம் என்ன விரும்புகிறது என்று கேட்டு மருத்துவமனையை வடிவமைப்பது 140 ஆண்டுகளுக்கு முன்பே இம்மண்ணில் நடந்திருக்கிறது. எந்தக் குடும்பத்தைக் கேட்டார்கள் என்பதில்தான் சேதி இருக்கிறது.

சேரிக் குடும்பத்துக்கு மருத்துவத்தில் வேறொரு பங்கு ஒதுக்கப்பட்டிருந்தது. அண்ணல் அம்பேத்கரின் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்னும் நினைவுக் குறிப்புகளில் கத்தியவாரைச் சேர்ந்த ஒரு தீண்டப்படாத பள்ளி ஆசிரியரின் அனுபவம் இடம்பெறுகிறது. 1929இல் 'யங் இந்தியா' இதழில் வெளிவந்த கடிதம் அது. பிள்ளை பெற்ற மனைவிக்கு உடல்நிலை மோசமாகிறது. வர மறுத்த மருத்துவர், பெரியவர்களின் சிபாரிசுக்குப் பின், குடியிருப்புக்குள் நுழையமாட்டேன் என்ற நிபந்தனையோடு வருகிறார். நோயாளியை வெளியே கொண்டுவருகிறார்கள். மருத்துவர் வெப்பமானியை ஓர் இஸ்லாமியரிடம் கொடுக்க, அவர் கணவரிடம் கொடுக்க, கணவர் மனைவியிடம் வைத்துப் பார்த்து அதே வழியில் திருப்பித் தருகிறார். அந்தப் பெண் இறந்துபோகிறார். இங்கே குடும்பம் சிகிச்சையில் பங்கேற்றது. மருத்துவரின் கை நோயாளியைத் தொடாமல் இருப்பதற்காகப் பங்கேற்றது.

இக்கதையை நான் இங்கே நினைவூட்டக் காரணம் உண்டு. 'குடும்பம் சார்ந்த பராமரிப்பு' என்ற சொல் இன்று அரசு ஆவணங்களில் புழங்குகிறது, நல்ல சொல்தான். ஆனால் துடைப்பது, திருப்பிப் படுக்க வைப்பது, கட்டு ஈரமாகிவிட்டதா என்று பார்ப்பது எல்லாம் துணைக்கு இருப்பவர் தலையில் விழும் வார்டில், யாரைத் தொட்டார்கள், யாரைத் தொடவில்லை என்பதைக் கண்டுபிடிக்கவே முடியாது. 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, தீண்டாமையின் பேரில் மருத்துவமனையில் சேர்க்க மறுப்பதை மட்டுமின்றி, சேர்த்த பின்பு பாகுபாடு காட்டுவதையும் குற்றமாக்கியிருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015ஆம் ஆண்டுத் திருத்தம், மருத்துவமனையிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் நுழையவிடாமல் தடுப்பதைத் தனிக் குற்றமாகச் சேர்த்தது. வாயிலில் நடப்பதற்குச் சாட்சி கிடைக்கலாம். சேர்த்த பின் வார்டுக்குள் நடப்பதை எப்படி மெய்ப்பிப்பது? யார் எந்தப் பணியைச் செய்யவேண்டும் என்ற வரையறை சுவரில் ஒட்டப்படாத வரை, 'அதை அவங்க வீட்டு ஆளே பார்த்துக்கிட்டாங்க' என்ற ஒரு வரி எல்லாக் கேள்வியையும் மூடிவிடும்.

வழக்கறிஞராக எனக்குப் பழக்கமான இன்னொரு காட்சியும் உண்டு. வன்கொடுமை வழக்குகளில் தலித் தரப்பினர் காயத்தோடு மருத்துவமனையில் சேர்ந்த சில மணி நேரத்தில், தாக்கியவர்களில் ஒருவரும் நெஞ்சுவலி, முதுகுவலி என்று அதே மருத்துவமனையில் வந்து படுப்பது வாடிக்கை. எதிர்வழக்குக்கான முதல் ஆவணம் அந்தச் சேர்க்கைச் சீட்டுதான். சில வேளைகளில் இருவருக்கும் ஒரே வார்டு, நான்கு கட்டில் இடைவெளி. அப்படிப்பட்ட இரவில் துணைக்கு இருக்கும் அம்மாவோ அண்ணனோ வெறும் பணிவிடையாளர் அல்லர், காவலாளி, சாட்சி. அவரை 'பாஸ் இல்லை' என்று வெளியே அனுப்பினால் நோயாளி யாரிடம் தனித்து விடப்படுகிறார் என்பதைக் காவலர் எண்ணுவதில்லை. வார்டு வரையும்போது இதையும் எண்ண வேண்டுமா என்று கேட்டால், வேண்டும் என்பேன்.

குடும்பம் சாட்சியாக இருப்பதன் மதிப்பைச் செங்கல்பட்டு அறியும். 2021 மே 4ஆம் தேதி இரவு முதல் மறுநாள் காலைக்குள் செங்கல்பட்டு அரசு மருத்துவமனையில் 13 நோயாளிகள் இறந்தனர். ஆக்சிஜன் அழுத்தம் குறைந்ததே காரணம் என உறவினர்கள் குற்றஞ்சாட்டினர். பற்றாக்குறையால் இறக்கவில்லை என்றது நிர்வாகம். அச்செய்தி அன்றே வெளியுலகுக்கு வந்ததில் அங்கிருந்த உறவினர்களின் குரலுக்குப் பங்கு உண்டு.

சரி, குடும்பத்தை உள்ளே வைத்தால் நோயாளிக்கு உடலளவில் பயன் உண்டா? உண்டு என்பதற்கு நம் நாட்டிலேயே பழைய சான்றுகள் உள்ளன. 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் மருத்துவர் வித்யா சாகர், இடப்பற்றாக்குறையைக் காரணம் காட்டிக் குடும்பத்தாரைத் திருப்பி அனுப்பாமல், வளாகத்திலேயே கூடாரம் அடித்து நோயாளிகளோடு தங்கவைத்தார். 1957இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி பாகாயத்தில் தொடங்கிய மனநல மையத்தில், நோயாளியோடு குடும்பத்தார் ஒருவர் தங்குவது சிகிச்சையின் பகுதியாகவே வைக்கப்பட்டது. உறவினர் சமைத்துக்கொண்டு, நோயைப் புரிந்துகொண்டு, மருந்தின் முறையைக் கற்றுக்கொண்டு ஊர் திரும்பினர். மனநோயாளியைச் சங்கிலியில் பூட்டுவது இயல்பாக இருந்த காலம் அது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இதைச் சட்டக் கடமையாகவே ஆக்கிவிட்டது: சிறார் ஒருவர் மனநல நிறுவனத்தில் சேர்க்கப்பட்டால், அவர் இருக்கும் நாள் முழுதும் பிரதிநிதியோ உடனிருப்பவரோ அவருடனேயே தங்க வேண்டும் என்கிறது 87ஆம் பிரிவு. தங்க வேண்டும் என்று சட்டம் சொன்னால், தங்கும் இடம் கட்டித்தரும் கடமை அரசுக்கு வந்துவிடுகிறது.

அண்மைக் காலத்தின் வலுவான சான்று பச்சிளங்குழந்தைகளிடமிருந்து வருகிறது. எடை குறைந்து பிறந்த குழந்தையை இன்குபேட்டரில் வைத்துவிட்டு, தாயை வேறு வார்டுக்கு அனுப்புவதே நெடுநாள் வழக்கம். உலக சுகாதார நிறுவனம் ஒருங்கிணைத்து இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய நாடுகளில் ஐந்து மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு, இவ்வழக்கத்தையே கேள்விக்கு உட்படுத்தியது. 1 கிலோவுக்கும் 1.8 கிலோவுக்கும் இடைப்பட்ட எடையுள்ள 3,211 குழந்தைகளில் ஒரு பாதியினரைப் பிறந்தவுடனேயே தாயின் அல்லது தாய் தேர்ந்தெடுத்த உறவினரின் மார்போடு அணைத்து வைத்தனர். முதல் 28 நாளில் இறந்தோர் விகிதம் வழக்கமான முறையில் 15.7 விழுக்காடு, அணைப்பு முறையில் 12.0 விழுக்காடு. வேறுபாடு இவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வை முன்கூட்டியே நிறுத்தினார்கள். 2021இல் முடிவுகள் வெளியாயின. இந்தியாவில் ஆய்வு நடந்த இடம் டெல்லி சப்தர்ஜங் மருத்துவமனை.

இதில் மாணவர்கள் கவனிக்க வேண்டியது, புது மருந்து எதுவும் இங்கே இல்லை என்பது. தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் தாயின் கட்டிலைப் போட இடம் செய்தார்கள். தாய்க்கான பிரசவப் பின் கவனிப்பையும் அதே அறைக்குக் கொண்டுவந்தார்கள். கட்டில் போடுவதற்கு இடமில்லாத அறையில் இந்தச் சிகிச்சையைச் செய்யவே முடியாது.

தமிழ்நாடு இவ்விஷயத்தில் பிற மாநிலங்களுக்கு முந்தியது. அரசு மருத்துவமனைகளில் பிரசவிக்கும் பெண்ணுக்குத் துணையாக ஒரு பெண் உறவினர் பிரசவ அறையிலேயே இருக்கலாம் என்ற திட்டம் இங்கு 2004இல் வந்தது. ஒன்றிய அரசு 2017இல் தொடங்கிய 'லக்ஷ்யா' திட்டமும் பிரசவத் துணையையும் தனிமையையும் தரநிலையாக வைத்தது. ஆணை ஒன்று, அறை ஒன்று. நான்கு மேசைகள் மறைப்பின்றி வரிசையாக நிற்கும் கூடத்தில், ஒருத்தியின் துணைக்கு வந்தவர் மற்ற மூன்று பெண்களின் அம்மணத்தைப் பார்க்க நேரும். ஆகவே 'வெளியே இருங்கம்மா' என்று செவிலியர் சொல்கிறார். அவர் மீது குற்றமில்லை. ஒரு திரைச்சீலைக் கம்பியும் ஒரு முக்காலியும் இருந்திருந்தால் அரசாணை நிறைவேறியிருக்கும்.

இனி, இக்கோரிக்கைக்குள் உள்ள ஆபத்து. குடும்பத்துக்கு இடம் கொடுங்கள் என்று நாம் கேட்கும்போது, 'நல்லது, அப்படியானால் ஆள் எடுக்க வேண்டியதில்லை' என்று நிதித்துறை மகிழக்கூடும். அரசு மருத்துவமனைகளில் தூய்மைப் பணியும் காவல் பணியும் ஒப்பந்த நிறுவனங்களின் கையில் இருக்கின்றன. தூய்மைப் பணியில் இருப்போரில் பெரும்பான்மையினர் தலித் மக்கள், அவர்களிலும் பெண்கள். ஓர் ஆளுக்கு இரண்டு வார்டு என்று வேலை சுமத்தினால், எடுக்கப்படாத பெட்பேனுக்காகத் துணைக்கு வந்த தலித் பெண், பணியில் இருக்கும் தலித் பெண்ணோடு சண்டையிடுவார். ஒப்பந்தக்காரர் அந்தச் சண்டைக்குள் வருவதே இல்லை. ஆகவே உடனிருப்போருக்கு இடம் என்பதும், பணியிடங்களை நிரப்பு என்பதும் ஒரே கோரிக்கை மனுவில் எழுதப்பட வேண்டும். ஒன்றை விட்டு ஒன்றைக் கேட்பது நமக்கு நாமே குழி பறிப்பது.

கூலியைப் பற்றியும் பேச வேண்டும். துணைக்கு இருப்பவரின் இழந்த கூலியை யார் தருவார் என்று கேட்டால், நடக்காத காரியம் என்று நண்பர்களே சிரிக்கிறார்கள். ஆனால் நம் சட்டப் புத்தகத்தில் அது ஏற்கெனவே இருக்கிறது. 1995ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்பு விதிகளில் 11ஆம் விதியை எடுத்துப் பாருங்கள். பாதிக்கப்பட்ட பெண், சிறார், 60 வயது கடந்தவர், மாற்றுத்திறனாளி ஆகியோர் தாம் விரும்பும் ஒருவரைத் துணைக்கு அழைத்துவர உரிமை உண்டு. விசாரணைக்காக வீட்டை விட்டு வெளியே இருக்கும் நாள்களுக்கு அந்தத் துணையாளுக்கும் பயணப்படியும், விவசாயத் தொழிலாளருக்கான குறைந்தபட்சக் கூலிக்குக் குறையாத நாள்படியும் தர வேண்டும். நடைமுறையில் இதை வாங்குவதற்குள் நாங்கள் படும் பாடு வேறு கதை. ஆயினும் துணைக்கு வருபவரின் நாளுக்கு விலை உண்டு என்ற கொள்கையை அரசு ஒப்புக்கொண்டு 30 ஆண்டுகள் ஆகின்றன. நீதிமன்றப் படியேறுபவருக்குப் பொருந்தும் கொள்கை, வார்டில் கண்விழிப்பவருக்கு ஏன் பொருந்தாது? 1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் மகப்பேறு நல மசோதாவை ஆதரித்து அம்பேத்கர் பேசியபோதும், பெண்ணின் ஓய்வு நாள்களுக்கான சுமையில் அரசுக்குப் பங்குண்டு என்ற வாதம் பலருக்கு விந்தையாகவே இருந்திருக்கும்.

காற்று இப்போது எதிர்த்திசையில் வீசுகிறது. 2024 நவம்பர் 13 அன்று சென்னை கிண்டியில் உள்ள கலைஞர் நூற்றாண்டு உயர்சிறப்பு மருத்துவமனையில், புற்றுநோய் மருத்துவர் ஒருவரை நோயாளி ஒருவரின் மகன் கத்தியால் குத்தினார். கண்டிக்கப்பட வேண்டிய கொடுமை. மருத்துவர்களின் அச்சம் நியாயமானது. அதைத் தொடர்ந்து உடனிருப்போர் கையில் நிறப்பட்டை கட்டும் முறை அரசு மருத்துவமனைகளுக்கு வந்தது. பட்டை கட்டுவதை எதிர்க்கவில்லை. ஆனால் நோயாளியின் நிலையைக் குடும்பத்திடம் உட்காரவைத்து விளக்க ஒரு சிறு அறை எத்தனை மருத்துவமனைகளில் இருக்கிறது? தாழ்வாரத்தில் நின்றபடி, ஓடும் மருத்துவரின் பின்னால் ஓடித் தெரிந்துகொள்ளும் அரைச் செய்தியிலிருந்து எவ்வளவு ஐயமும் ஆத்திரமும் பிறக்கின்றன என்பது மருத்துவர்களுக்கே தெரியும். பேசும் அறை மருத்துவரையும் காக்கும்.

தேசிய மனித உரிமை ஆணையம் 2018இல் உருவாக்கிய நோயாளர் உரிமைச் சாசனம் 17 உரிமைகளைப் பட்டியலிடுகிறது. பாகுபாடின்மை இருக்கிறது, தனிமையும் கண்ணியமும் இருக்கின்றன. துணைக்கு இருப்பவர் படுக்கவும் குளிக்கவும் ஓர் இடம் என்பது அதில் இல்லை. நிதி இல்லை என்ற விடை வரும். 1996இல் மேற்குவங்க விவசாயக் கூலிகள் சங்க வழக்கில், உயிர்காக்கும் மருத்துவ வசதியைத் தரும் அரசியல் சாசனக் கடமையிலிருந்து நிதி நெருக்கடியைக் காட்டி அரசு விலக முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அத்தீர்ப்பு அவசரச் சிகிச்சையைப் பற்றியது. அதை வார்டின் தரைவரை நீட்டுவது எளிதான வாதம் என்று சொல்லமாட்டேன். மார்போடு அணைத்த குழந்தைகளின் புள்ளிவிவரத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாதிடலாம்.

அதுவரை செய்யக்கூடியது சிறிது, ஆனால் உடனே செய்யக்கூடியது. அரசு மருத்துவமனைகளில் நோயாளர் நலச் சங்கம் என்ற அமைப்பு உண்டு. அதன் கையில் சிறு செலவுகளுக்கான நிதியும் உண்டு. மடக்குக் கட்டில், திரைச்சீலை, பூட்டும் பெட்டி, உடனிருப்போருக்கான குளியலறை ஆகியவை அந்த நிதிக்குள் அடங்கக்கூடியவை. செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் பகுதியின் கல்லூரி மாணவர்கள் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் நான்கு கேள்விகள் கேட்கலாம். மருத்துவமனையில் மொத்தம் எத்தனை கட்டில்கள், உடனிருப்போருக்கென எத்தனை கழிப்பறைகள், அவற்றில் பெண்களுக்கு எத்தனை? இரவில் உடனிருப்போர் தங்க ஒதுக்கிய இடத்தின் பரப்பு எவ்வளவு? ஒவ்வொரு வார்டுக்கும் அனுமதிக்கப்பட்ட தூய்மைப் பணியாளர் எத்தனை பேர், இரவுப் பணியில் உண்மையில் இருப்போர் எத்தனை பேர்? நோயாளர் நலச் சங்கம் கடந்த மூன்று ஆண்டுகளில் எப்போதெல்லாம் கூடியது, எதற்குச் செலவிட்டது? தமிழிலேயே எழுதலாம். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். 30 நாளில் விடை தர வேண்டும்.